ஐந்து வருடம் கழித்துத் தர வேண்டிய விருது

ஒரே ஆசிரியர், நான்கு வருட இடைவெளியில் இரண்டு செஸ் புத்தகங்கள். ஆசிரியர் அமெரிக்காவின் ரூபன் ஃபைன். 1938-இல் ஹாலந்தில் அலெக்கைன், கபாபிளாங்கா, போட்வினிக் எல்லோரும் ஆடிய ஆவ்ரோ போட்டியில் பால் கெரஸுடன் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டவர். மறு வருடம் அவர் திருத்திக் கொடுத்தது ‘மாடர்ன் செஸ் ஓப்பனிங்ஸ்’ நூலின் ஆறாம் பதிப்பை. இங்கிலாந்தில் 1911-இல் கிரிஃபித், ஒயிட் என்ற இருவர் தொடங்கிவைத்த நூல் அது. பக்கத்துக்குப் பக்கம் அட்டவணை, அட்டவணை நிறைய நகர்வுகள், ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் வெள்ளைக்குச் சாதகமா, கறுப்புக்கா, சமமா என்று ஒரு குறி. 1943-இல் அதே ஃபைன் ‘தி ஐடியாஸ் பிஹைண்ட் தி செஸ் ஓப்பனிங்ஸ்’ எழுதினார். இதன் உயிர் அட்டவணையில் இல்லை. இந்தச் சிப்பாய் ஏன் இங்கே வருகிறது, அந்த பிஷப் ஏன் அங்கே போகக் கூடாது, நடு ஆட்டத்தில் இரு தரப்பும் எதற்காக முட்டிக்கொள்ளும் என்ற விளக்கம்தான் நூல். முதல் புத்தகம் அன்றைக்குத் தீவிர ஆட்டக்காரர்களின் மேசையில் இருந்தாக வேண்டியது. அதற்குப் பிறகு வேறு ஆசிரியர்கள் கையில் ஒன்பது பதிப்புகள் வந்துவிட்டன, பதினைந்தாவது 2008-இல். ஃபைனின் ஆறாம் பதிப்பைப் பழைய புத்தகம் சேர்ப்பவர்கள்தான் இன்று தேடுவார்கள். இரண்டாவது புத்தகத்தை எண்பது வருடம் தாண்டியும் வாசிக்கிறார்கள்.

வருடக் கடைசி வந்தால் செஸ் பத்திரிகைகளும் புத்தகக் கடைகளும் விமர்சகர்களும் ‘இந்த ஆண்டின் சிறந்த ஓப்பனிங் நூல்கள்’ என்று பட்டியல் போடுவது வழக்கம். அந்தப் பட்டியல்களில் ஒரு நூலைத் தூக்கிப் பேசும்போது முதலில் வருவது அதன் புதுமை. இதுவரை யாரும் ஆடாத நகர்வுகள் எத்தனை, செஸ் ஆடும் கணினி எஞ்சினின் எந்தப் பதிப்பால் சரிபார்த்தது, போன மாதம் வரை நடந்த ஆட்டங்கள் சேர்ந்திருக்கின்றனவா என்பவையே அளவுகோல். இந்த அளவுகோல் தப்பு என்பது இக்கட்டுரையின் வாதம். ஓப்பனிங் நூலில் எந்தப் பகுதி முதலில் கெட்டுப்போகுமோ, அதற்கே பரிசு கொடுத்துக்கொண்டிருக்கிறோம். நகர்வு வரிசைகள் பொய்த்த பிறகும் நூலில் என்ன மிஞ்சுகிறது என்று பார்த்துத்தான் அதன் தரத்தைச் சொல்ல முடியும். வெளிவந்த வருடத்திலேயே அதைச் சொல்லிவிட முடியாது.

வரிசைகள் எவ்வளவு சீக்கிரம் பொய்க்கும் என்பதற்கு பாபி ஃபிஷரே சாட்சி. 1960-இல் மார் டெல் பிளாட்டாவில் ஸ்பாஸ்கியின் கிங்ஸ் கேம்பிட்டிடம் தோற்றவர், மறு வருடமே ஒரு பத்திரிகைக் கட்டுரையில் அந்த ஓப்பனிங் ஆடினால் வெள்ளைக்குத் தோல்வி நிச்சயம் என்று தீர்ப்பு எழுதினார். இரண்டே வருடத்தில் அமெரிக்க சாம்பியன்ஷிப்பில் லாரி எவன்ஸுக்கு எதிராக அதே கிங்ஸ் கேம்பிட்டின் பிஷப் கிளையைத் தானே ஆடி ஜெயித்தார். 2013-இல் ஜான் ஷா அறுநூறு பக்கத்துக்கு மேல் கிங்ஸ் கேம்பிட்டுக்கு ஒரு நூல் எழுதினார். செத்துப்போன ஓப்பனிங்குக்கு யாரும் அத்தனை பக்கம் எழுத மாட்டார்கள். எதிர்த் திசையிலும் இதே கதைதான். ருய் லோபஸில் பெர்லின் தற்காப்பு பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சரக்கு. சற்று மந்தமானது, கறுப்பு சும்மா தாங்கிக்கொண்டிருக்க வேண்டியது என்பதே பொது அபிப்பிராயம். 2000-இல் லண்டன் உலகப் பட்ட மோதலில் கிராம்னிக் அதை எடுத்தார். காஸ்பரோவ் நான்கு ஆட்டங்களில் மோதிப் பார்த்தார், நான்கும் டிரா. மோதல் முழுக்க ஓர் ஆட்டம்கூட ஜெயிக்காமல் காஸ்பரோவ் 6½-8½ என்று பட்டத்தை இழந்தார். அலமாரியில் இருந்த ருய் லோபஸ் நூல்களின் ஓர் அத்தியாயம் சில வாரங்களில் பழசாகிவிட்டது. எட்டு வருடம் கழித்து ஜான் காக்ஸ் பெர்லினுக்கென்றே ஒரு முழுப் புத்தகம் கொண்டுவந்தார்.

அந்தக் காலத்தில் பொய்க்க வாரங்களோ வருடங்களோ பிடித்தன, இப்போது ஒரு சாயங்காலம் போதும். ஸ்டாக்ஃபிஷ் எஞ்சின் இலவசம். 2020-இல் வந்த பன்னிரண்டாம் பதிப்பிலிருந்து நரம்பு வலையமைப்பும் அதற்குள்ளேயே இருக்கிறது. கைபேசி வைத்திருக்கும் எட்டாம் வகுப்புப் பையன்கூட கிராண்ட்மாஸ்டர் எழுதிய நகர்வைச் சோதித்துப் பார்க்கலாம். ஆக, சரியான நகர்வு எது என்ற தகவலுக்குச் சந்தையில் விலை இல்லை. அதை அச்சடித்து ஆயிரக்கணக்கில் விலை வைத்து விற்கும் நூல் எதை விற்கிறது? மொத்தத்தையும் அடக்கிவிட்டேன் என்று சொல்லவும் வழியில்லை. வெள்ளையும் கறுப்பும் இரண்டிரண்டு முறை காய் நகர்த்தி முடிப்பதற்குள் ஆட்டம் 1,97,281 வழிகளில் போயிருக்க முடியும். எஞ்சின் தருவதோ ஓர் எண். சைபர் என்று காட்டினால் சமம். அந்தச் சமத்தைக் காக்கக் கறுப்பு ஆறு முறை தொடர்ந்து ஒரே ஒரு சரியான நகர்வைக் கண்டுபிடித்தாக வேண்டுமா, அல்லது எதை ஆடினாலும் தாங்குமா என்று அந்த எண் சொல்லாது. மனிதருக்கு வேண்டியது அதுதான். 2017 டிசம்பரில் ஆல்ஃபாஸீரோ என்ற நிரல் ஸ்டாக்ஃபிஷுடன் ஆடிய நூறு ஆட்டங்களில் 28 வெற்றி, 72 டிரா, தோல்வியே இல்லை என்ற கணக்கு வெளிவந்தபோது செஸ் உலகம் கேட்டது கூடுதல் நகர்வுகளை அல்ல. இது எப்படி யோசிக்கிறது என்ற விளக்கத்தை. மாத்யூ சாட்லரும் நடாஷா ரீகனும் 2019-இல் எழுதிய ‘கேம் சேஞ்சர்’ அந்த விளக்கத்தைத் தந்த நூல். எதிரி ராஜாவை நோக்கி ஓரச் சிப்பாயை ஏன் அவ்வளவு சீக்கிரம் தள்ளுகிறது என்று புரிந்தவருக்கு, இன்று கிரன்ஃபெல்டு, கிங்ஸ் இண்டியன் என்ற தற்காப்புகளுக்கு எதிராக வெள்ளை சட்டென்று அந்தச் சிப்பாயை ஓட்டுவதன் காரணமும் புரியும். அது ஓப்பனிங் நூல் அல்ல, ஆனாலும் ஓப்பனிங்கைப் பற்றி அது சொன்ன அளவுக்குப் பல ஓப்பனிங் நூல்கள் சொல்லவில்லை.

விளக்கம் என்றால் ‘மையத்தைப் பிடி, காய்களை வெளியே கொண்டுவா’ என்ற பொதுப் புத்திமதி அல்ல. ருய் லோபஸை எடுத்துக்கொள்வோம். மூன்றாம் நகர்விலேயே வெள்ளையின் பிஷப் கறுப்புக் குதிரையை முறைக்கிறது. அந்தக் குதிரைதான் ஈ5 சிப்பாய்க்குக் காவல். கறுப்பு ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தி பிஷப்பைக் கேள்வி கேட்கிறது. அப்படியானால் குதிரையை வெட்டிவிட்டு ஈ5 சிப்பாயை எடுத்துவிட்டால் ஒரு சிப்பாய் லாபம்தானே? புதிதாகக் கற்கும் ஒவ்வொருவரும் கேட்கும் கேள்வி இது. பதில்: கறுப்பு ராணி டி4-க்கு வந்து, ஈ5-இல் நிற்கும் குதிரையையும் ஈ4-இல் நிற்கும் சிப்பாயையும் ஒரே மூச்சில் தாக்கும். சிப்பாய் திரும்பி வந்துவிடும், கறுப்பின் கையில் இரண்டு பிஷப்களும் மிச்சமிருக்கும். இந்த ஒரு பதில் தெரிந்தவருக்கு அடுத்த நாலைந்து நகர்வுகளில் இரு தரப்பும் செய்வதெல்லாம் பொருளுள்ளதாகத் தெரியும். தெரியாதவருக்கு அதே நகர்வுகள் தொலைபேசி எண் மாதிரி. பெர்லினும் அப்படித்தான். எட்டாம் நகர்விலேயே ராணிகள் போய்விடுகின்றன, கறுப்பு ராஜா கோட்டை கட்டும் உரிமையை இழந்து நடுவில் நிற்கிறது, சிப்பாய்கள் இரட்டையாகக் குவிந்து கிடக்கின்றன. பார்த்தால் கறுப்புக்குப் பரிதாபம். ராணிகள் இல்லாத பலகையில் அந்த ராஜாவைத் தாக்க ஆள் போதாது, வெள்ளைக்கு உள்ளே நுழைய வாசல் கிடைப்பதும் அரிது, கறுப்பிடம் இரண்டு பிஷப்கள் உண்டு என்பதைச் சொல்லிக் கொடுக்கும் நூல், இருபதாம் நகர்வில் எஞ்சின் கருத்தை மாற்றிக்கொண்டாலும் பயன்படும்.

இன்னொரு அளவுகோல் ஐந்நூறு வருடம் பழையது. போர்ச்சுகல்காரரான டமியானோ 1512-இல் ரோமில் அச்சிட்ட நூலில், ஈ5 சிப்பாயைக் காக்க எஃப் வரிசைச் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தும் தற்காப்பைக் காட்டி, அது ஏன் படுமோசம் என்றும் காட்டியிருக்கிறார். வெள்ளை குதிரையைக் கொடுத்துச் சிப்பாயை எடுக்கும். கறுப்பு அந்தக் குதிரையை வெட்டினால் வெள்ளை ராணி எச்5-இலிருந்து செக் சொல்லும். கறுப்பின் கதை முடிந்தது. மோசம் என்று சொன்னவரின் பெயரையே உலகம் அந்தத் தற்காப்புக்கு வைத்துவிட்டது, பாவம். ஆனால் அவர் செய்தது இன்றைய ஆசிரியர்கள் பலர் செய்யாத வேலை. எதிராளி நல்ல நகர்வை ஆடினால் என்ன செய்வது என்று முப்பது பக்கம் எழுதுகிறவர்கள், எதிராளி சுமாரான நகர்வை ஆடினால் என்ன செய்வது என்று மூன்று வரி எழுதுவதில்லை. மாவட்டப் போட்டியில் ஆடுபவரின் எதிரே உட்காருவது கார்ல்சன் அல்ல. ஆறாவது ஏழாவது நகர்விலேயே எதிராளி புத்தகத்தை விட்டு வெளியேறுவார், அதுவும் கெட்ட நகர்வால் அல்ல, பார்வைக்கு நியாயமான நகர்வால். லிசெஸ் தளத்தில் எந்த ரேட்டிங்காரர்கள் எந்த நிலையில் எதை அதிகம் ஆடுகிறார்கள் என்று யாரும் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். அதைப் பார்த்து எழுதிய ஆசிரியர் யார், பார்க்காமல் எழுதியவர் யார் என்பது பத்துப் பக்கத்தில் தெரிந்துவிடும்.

நேர்மையையும் எடை போட வேண்டும். வெள்ளைக்காக எழுதும் நூலில் வெள்ளைக்கு எப்போதும் சற்றுச் சாதகம், கறுப்புக்காக எழுதும் நூலில் எல்லாம் சுமுகமாகச் சமம். ஒரே நிலையைப் பற்றிய இந்த இரண்டு தீர்ப்பும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது. போரிஸ் அவ்ருக் கிளாஸ்கோவின் குவாலிட்டி செஸ் பதிப்பகத்துக்காக 2008-இலும் 2010-இலும் ராணி முன் சிப்பாயைத் தள்ளும் வெள்ளைக்கு இரண்டு தொகுதிகள் எழுதினார். அவற்றில் கிரன்ஃபெல்டை எப்படி நெருக்குவது என்பதும் உண்டு. 2011-இல் அதே பதிப்பகத்துக்கு அவரே கிரன்ஃபெல்டை ஆடும் கறுப்புக்காக இரண்டு தொகுதிகள் எழுதினார். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. இரு பக்கமும் நின்று வாதாடக்கூடிய ஆழமான அறிவு அவருக்கு இருந்தது, இரண்டும் மதிக்கப்படும் வேலை. ஆனால் அந்த நான்கு தொகுதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பவருக்கு ஒன்று விளங்கும்: ஓப்பனிங் நூல் என்பது நீதிபதியின் தீர்ப்பு அல்ல, ஒரு கட்சிக்கான வாதம். தன் கட்சிக்கு எது வலிக்கும், எந்த வரிசையில் தனக்கே நிம்மதி இல்லை என்று வெளிப்படையாக எழுதும் ஆசிரியரை நம்பலாம். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பவரிடம் எச்சரிக்கை வேண்டும்.

இதற்கு மறுப்புகள் உண்டு. முதலாவது, தொழில்முறை ஆட்டக்காரருக்குத் துல்லியமான, புதிய நகர்வுதானே சோறு போடுகிறது என்பது. உண்மை. 2008-இல் பான் நகரில் கிராம்னிக்குக்கு எதிரான உலகப் பட்ட மோதலில், மூன்றாம் ஆட்டத்திலும் ஐந்தாம் ஆட்டத்திலும் விஸ்வநாதன் ஆனந்த் கறுப்புக் காய்களோடு மெரான் வேரியேஷனில் எதிராளியைச் சாய்த்தார். 6½-4½ என்று முடிந்த மோதலின் முதுகெலும்பு அந்த இரண்டு வெற்றிகள். ஆனால் அந்தத் தயாரிப்பு எந்த நூலிலிருந்தும் வந்ததல்ல. நீல்சன், காசிம்ஜானோவ், கங்குலி, வோய்டாஷேக் என்று ஓர் உதவிக் குழு பூட்டிய கதவுக்குப் பின்னால் உருவாக்கியது. மோதல் முடிந்த பிறகுதான் அது நூல்களுக்குள் வந்தது. அதற்குள் கிராம்னிக் மட்டுமல்ல, உலகமே பதில் தேடத் தொடங்கியிருந்தது. உச்சத்தில் இருப்பவர்கள் அச்சான புதுமையை நம்பிப் பலகைக்கு முன் உட்காருவதில்லை. அதை நம்பிப் பணம் கொடுப்பவர் கிளப் ஆட்டக்காரர். அவருக்கோ அது தேவையில்லை.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. சில ஓப்பனிங்குகளில் கருத்து எடுபடாது, மனப்பாடம்தான் வழி என்கிறார்கள். நைடார்ஃப் என்ற ஓப்பனிங்கின் ‘விஷச் சிப்பாய்’ கிளையைக் காட்டுவார்கள். 1972-இல் ரெய்க்யாவிக்கில் ஸ்பாஸ்கியுடன் நடந்த உலகப் பட்ட மோதலில் ஃபிஷர் ஏழாம் ஆட்டத்தில் அதை ஆடி டிரா எடுத்தார். பதினோராம் ஆட்டத்தில் மறுபடி ஆடினார். ஸ்பாஸ்கி பதினான்காம் நகர்வில் வெளியே நின்ற குதிரையைத் திரும்ப அதன் பிறந்த கட்டத்துக்கே அனுப்பினார், ஃபிஷரின் ராணி சிக்கியது, ஆட்டம் போயிற்று. எந்தப் பொதுக் கொள்கையும் அந்தப் பின்வாங்கலைச் சொல்லிக் கொடுத்திருக்காது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதனால் என் அளவுகோல் தளர்ந்துவிடுகிறதா என்றால், இல்லை. இத்தகைய கிளைகளில் நல்ல ஆசிரியரின் வேலை, எந்த ஏழெட்டு நகர்வுகளைக் கண்ணை மூடிக்கொண்டு நினைவில் வைக்க வேண்டும், எங்கிருந்து யோசிக்கத் தொடங்கலாம் என்று கோடு கிழித்துக் காட்டுவது. எல்லாவற்றையும் ஒரே எழுத்தளவில், ஒரே குரலில் அடுக்கும் நூல் அந்தக் கோட்டைக் காட்டாது. இன்னொன்று: கருத்து நூல்களும் பொய்க்கும். ஃபைன் எழுதியபோது கிங்ஸ் இண்டியனின் முழு பலம் வெளிப்படவில்லை. பிரான்ஸ்டீனும் போலஸ்லாவ்ஸ்கியும் அதைக் காட்டியது பிறகுதான். அந்த அத்தியாயம் இன்று செல்லாது. ஆனால் அவர் ஏன் அப்படி நினைத்தார் என்பது அங்கே எழுதியிருப்பதால், எங்கே தவறினார் என்று வாசகரே கண்டுபிடிக்கலாம். குறி மட்டும் போட்ட அட்டவணை தவறினால் அந்த வழியும் கிடையாது.

சிலர், ஓப்பனிங் படிப்பே வீண், கணக்கிடும் திறனும் இறுதிக்கட்ட ஆட்டத் திறனும் போதும் என்பார்கள். தமிழ்நாட்டுப் பயிற்சிக் கூடங்களில் இந்தக் குரல் பலமாக ஒலிக்கும், காரணத்தோடுதான். பிரக்ஞானந்தாவின் பயிற்சியாளர் ஆர்.பி. ரமேஷ் 2022-இல் வெளியிட்ட நூல் கணக்கிடுதலைப் பற்றியது, ஓப்பனிங்கைப் பற்றியது அல்ல. குகேஷுக்கு ஆரம்ப ஆண்டுகளில் எஞ்சினைத் தொடாமல் பயிற்சி தந்தவர் விஷ்ணு பிரசன்னா. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் குகேஷுக்கு உலகப் பட்டம் தீர்மானமானதும் ஓப்பனிங்கில் அல்ல. டிரா ஆகவேண்டிய கடைசி ஆட்டத்தில் டிங் லிரன் ஐம்பத்தைந்தாம் நகர்வில் யானையைத் தப்பான கட்டத்தில் வைத்ததில்தான். இந்த வாதம் என் வாதத்துக்கு எதிரானதல்ல, துணை. நகர்வு மனப்பாடத்தில் போகும் நேரத்தை மிச்சம் பிடித்து நடு ஆட்டத்துக்கு வழிவிடும் ஓப்பனிங் நூல்தான் நல்ல நூல் என்பதை அதுவும் ஒப்புக்கொள்கிறது. கணினிப் பயிற்சித் தளங்கள் வந்த பிறகு அச்சு நூல் எதற்கு என்ற கேள்விக்கும் விடை ஏறக்குறைய இதுதான். திரும்பத் திரும்பக் கேட்டு நகர்வுகளை மண்டையில் ஏற்றும் வேலையை செஸ்ஸபிள் போன்ற தளம் காகிதத்தைவிட நன்றாகச் செய்கிறது. அதை அதனிடமே விட்டுவிடலாம். கிறிஸ்டோஃப் சீலக்கியின் ‘கீப் இட் சிம்பிள்’ முதலில் அங்கே பாடமாக வந்து, 2018-இல் நூலானது. சுருக்கமான, நினைவில் நிற்கும் ஓர் ஆட்ட முறை. அதன் பின்னால் தெளிவான காரணங்கள். இரண்டு வடிவத்திலும் அது நின்றது அந்தக் காரணங்களால்.

ஆகவே விருது கொடுப்பவர்களிடம் ஒரு கோரிக்கை. ஓப்பனிங் பிரிவுக்கு மட்டும் விதியை மாற்றுங்கள். இந்த வருடம் வந்த நூலுக்கு இந்த வருடமே மாலை போடாதீர்கள். ஐந்து வருடத்துக்கு முன் வந்தவற்றை எடுத்து, அன்றைக்குப் பிறகு ஆடப்பட்ட ஆட்டங்களையும் வந்த எஞ்சின்களையும் வைத்து உரசிப் பாருங்கள். எத்தனை வரிசை விழுந்தது என்று எண்ண வேண்டாம், எல்லாவற்றிலும் விழுந்திருக்கும். விழுந்த வரிசைக்குப் பதிலாக வேறொன்றைத் தானே தேடிக்கொள்ள வாசகருக்கு அந்த நூல் கற்றுக்கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள். பதிப்பகங்களுக்கு விற்பனை அவசரம் இருக்கும், ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பது தெரிந்ததுதான். விருது விற்பனைக்காகவா வாசகருக்காகவா என்று முதலில் முடிவு செய்துகொள்ளலாம்.

இந்த விதிப்படி 2016-இல் வந்தவற்றுள் என் ஓட்டு நிகோலாஸ் என்டிர்லிஸ் எழுதிய ‘பிளேயிங் 1.ஈ4 ஈ5’ நூலுக்கு. அவர் கிராண்ட்மாஸ்டர் அல்ல. கடிதவழி ஆட்டத்திலும் எஞ்சினோடு வேலை செய்வதிலும் தேர்ந்தவர். ராஜா முன் சிப்பாய்க்கு ராஜா முன் சிப்பாயாலேயே பதில் சொல்ல விரும்பும் கறுப்புக்கு முழு ஆட்ட முறையையும் ஒரே தொகுதியில் அடக்கினார். ருய் லோபஸுக்கு அவர் தேர்ந்தது நாகரிகத்தின் உச்சத்தில் இருந்த வரிசையை அல்ல. ராணிப் பக்கக் குதிரையைப் பின்னுக்கு இழுத்து வேறு வழியாகக் கொண்டுவரும், பல தலைமுறை பார்த்த பிரேயர் முறையை. அதன் நகர்வுகளில் சில இன்று திருத்தம் கேட்கும். அந்தக் குதிரை ஏன் பின்னால் போகிறது என்ற விளக்கத்துக்குத் திருத்தம் தேவைப்படவில்லை.